43 நாள் ஷட்டவுன் முடிந்தது சரி, கஜானா சாவி யார் கையில் இருக்கிறது?

பொட்டல்காடு:

2025 நவம்பர் 12 ராத்திரி டிரம்ப் கையெழுத்துப் போட்டார், பணம் ஒதுக்கப்படாமல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்த 43 நாள் ஷட்டவுன் முடிந்தது, மறுநாளே எல்லாரும் அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள். யார் ஜெயித்தது, செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷூமர் பதவி விலக வேண்டுமா, எதிர்ப்பக்கம் போய் ஓட்டுப் போட்ட எட்டுப் பேர் துரோகிகளா என்பதற்கெல்லாம் இங்கேயே நாலைந்து இழை ஓடுகிறது. அதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உறுத்துவது வேறு.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கும், அதற்குள் 12 செலவு மசோதாக்கள் சட்டமாக வேண்டும். ஒன்றுகூட ஆகவில்லை. பழைய அளவிலேயே நவம்பர் 21 வரை பணம் தரலாம் என்று பிரதிநிதிகள் சபை ஒரு தற்காலிக மசோதாவை அனுப்பியது. 100 பேர் இருக்கும் செனட்டில் அதற்கு 60 ஓட்டு தேவை, குடியரசுக் கட்சியிடம் இருப்பது 53. ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான கூடுதல் மானியம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது, அதை நீட்டித்தால்தான் ஓட்டு என்று ஜனநாயகக் கட்சி உட்கார்ந்துகொண்டது. 14 தடவை ஓட்டெடுப்பு நடத்தியும் மசோதா நகரவில்லை. நவம்பர் 9 ஞாயிறு ராத்திரி அந்த அணியிலிருந்து எட்டுப் பேர் இறங்கி வர, குடியரசுக் கட்சியில் ஒருவர் எதிர்த்தும் 60-40. பிரதிநிதிகள் சபையில் 222-209. கதை முடிந்தது.

ஆனால் மானியம் என்பது மேலே தெரிந்த காரணம்தான். அதற்கு முந்தைய சில மாதங்களைப் பாருங்கள். மார்ச்சில் ஷூமரே தன் கட்சிக்காரர்கள் திட்டினாலும் பரவாயில்லை என்று ஒரு முழு ஆண்டு செலவுச் சட்டம் நிறைவேற வழிவிட்டார். ஜூலையில் குடியரசுக் கட்சி, ஏற்கெனவே ஒதுக்கிய பணத்திலிருந்து சுமார் 9 பில்லியன் டாலரை ரத்து செய்தது. வெளிநாட்டு உதவி, பொது ஒலிபரப்பு இரண்டும்தான் அடிபட்டன. ரத்து செய்வதற்கு 60 வேண்டாம், சாதாரண மெஜாரிட்டி போதும். அடுத்து ஆகஸ்ட் கடைசியில் வெள்ளை மாளிகை இன்னொரு 4.9 பில்லியனை ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. காங்கிரஸ் அதைப் பார்த்து முடிவெடுப்பதற்குள் செப்டம்பர் 30 வந்துவிடும், பணம் தானாகக் காலாவதியாகிவிடும், அதுதான் திட்டமே. 50 வருஷத்துக்குக் கிட்ட யாரும் கையில் எடுக்காத வித்தை அது.

ஆக 60 பேர் சேர்ந்து பேசி முடிப்பதை 51 பேர் கலைக்கலாம், அல்லது ஒருவரே கலைக்கலாம். அண்ணன் தம்பிகள் கூடி உட்கார்ந்து பாகப்பிரிவினை எழுதி முடித்த பிறகு, ராத்திரியோடு ராத்திரியாக ஒருவர் மட்டும் வேலியை நகர்த்திப் போட்டால் அடுத்த தடவை பேச்சுவார்த்தைக்கு யார் வருவார்கள்? என் கேள்வி இவ்வளவுதான். எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் ஷட்டவுனைத் தவிர வேறென்ன நடக்கும்?

ஓரமாநின்றவன்:

ரொம்ப அடிப்படையான கேள்வி, சிரிக்காதீர்கள். பட்ஜெட் நிறைவேறவில்லை என்றால் அரசாங்கமே கடையை மூடுவது என்ன ஏற்பாடு? இந்தியாவில் சில மாதத்துக்கு இடைக்காலச் செலவு அனுமதி வாங்கி ஓட்டுவார்கள், மக்களவையில் நிதி மசோதா தோற்றால் ஆட்சியே போய்விடும். மாநிலங்களவை பண மசோதாவை 14 நாளைக்கு மேல் பிடித்து வைக்கவும் முடியாது. இங்கே தோற்றால் ஆட்சி போவதில்லை, ஆபீஸ் பூட்டுகிறார்கள். யார் யோசித்தது இதை?

சட்டப்புள்ளி:

யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்ததில்லை, அதுதான் இதில் வேடிக்கை. சட்டம் வழங்கியபடி அல்லாமல் கஜானாவிலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் அரசியலமைப்பில் இருக்கிறது. அதைத் துறைகள் மீறாமல் இருக்க 19ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் துறைகள், குறிப்பாக ராணுவம், வருஷத்துக்குக் கொடுத்த பணத்தைச் சில மாதத்தில் தீர்த்துவிட்டு, 'சிப்பாய்க்குச் சோறு போட வேண்டாமா' என்று காங்கிரஸிடம் வந்து நிற்கும். கொடுக்காமல் என்ன செய்வார்கள். அந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான் சட்டம். மீறினால் சிறைத்தண்டனை என்றெல்லாம் அதில் இருக்கிறது, இதுவரை ஒருவரும் அதன்படி சிறைக்குப் போனதில்லை.

1980 வரைக்கும் நிதி இடைவெளி வந்தால் யாரும் பூட்டவில்லை. அவசரமில்லாத செலவைத் தள்ளிப்போட்டு, காங்கிரஸ் எப்படியும் பின்னால் சரிசெய்யும் என்று வேலையைத் தொடர்ந்தார்கள். 1980 ஏப்ரலில் கார்ட்டரின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி ஒரு சட்டக் கருத்து எழுதினார். பணம் ஒதுக்கப்படவில்லை என்றால் துறை வேலை செய்யவே கூடாது, இதுதான் சட்டத்தின் நேரான பொருள் என்றார். அடுத்த வாரமே, மே 1 அன்று, மத்திய வர்த்தக ஆணையம் ஒரு நாள் மூடியது. அதுதான் முதல் ஷட்டவுன். 1981 ஜனவரியில் அவரே கொஞ்சம் தளர்த்தி, மனித உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பான வேலைகள் நடக்கலாம் என்றார். விமானக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வருகிறாரே, அந்த விசித்திரம் அந்த விதிவிலக்கிலிருந்து வந்தது.

நாடாளுமன்றத்தில் விவாதமும் இல்லை, ஓட்டெடுப்பும் இல்லை, ஒரு வழக்கறிஞரின் கடிதத்தில்தான் இதெல்லாம் நிற்கிறது. இது இப்படி வாரக்கணக்கில் இழுக்கும், அரசியல் பேரத்துக்கு ஆயுதமாகும் என்று தான் நினைத்தே பார்க்கவில்லை என்று சிவிலெட்டி பிற்காலத்தில் சொன்னார். 2022இல் இறந்துவிட்டார்.

இந்தியாவோடு நீங்கள் ஒப்பிட்டதால் ஒன்று. ஆஸ்திரேலியாவில் 1975இல் இதே மாதிரி மேலவை பணத்தை நிறுத்திவைத்தது. கவர்னர் ஜெனரல் பிரதமர் விட்லமையே பதவி நீக்கம் செய்து தேர்தலுக்கு விட்டார். நாடாளுமன்ற முறையில் முடிச்சு விழுந்தால் மக்களிடம் போவதற்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் தேர்தல் தேதி கல்வெட்டு. இடையில் யாரையும் மாற்ற முடியாது என்பதால் யார் முதலில் கண் சிமிட்டுவது என்ற விளையாட்டுதான் மிச்சம்.

கணக்குப்பிள்ளை:

பொட்டல்காடு ஐயா ஒரு பக்கத்தை மட்டும் அழகாகச் சொல்கிறார். மறுபக்கத்தையும் கேளுங்கள்.

வந்தது எந்த நிபந்தனையும் இல்லாத தற்காலிக மசோதா. அளவு பைடன் காலத்து அளவு. இதே ஷூமர், 2013இல் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் க்ரூஸ் கோஷ்டி ஒபாமாகேரை நிறுத்தினால்தான் பட்ஜெட் என்று 16 நாள் மூடியபோது என்ன பேசினார்? கொள்கைச் சண்டைக்கு அரசாங்கத்தைப் பணயம் வைக்காதே என்றார். இப்போது அதே ஒபாமாகேருக்காக அதே வேலையை இவர்கள் செய்தார்கள், திசை மட்டும் மாறியிருக்கிறது. இன்னொன்று, கூடுதல் மானியத்துக்கு 2025 கடைசி என்று கெடு வைத்தது யார்? 2021இல் கோவிட் உதவியாகக் கொண்டுவந்து 2022இல் நீட்டித்தது ஜனநாயகக் கட்சியேதான், ஒரே ஒரு குடியரசுக் கட்சி ஓட்டுகூட அதில் கிடையாது. நிரந்தரமாக்கினால் செலவுக் கணக்கு பெரிதாகத் தெரியும் என்று தேதி போட்டார்கள், அந்தத் தேதி வந்ததும் கூச்சல் போடுகிறார்கள்.

உண்மையான கோளாறு அந்த 60. விவாதத்தை முடிக்க விடாமல் இழுத்து மசோதாவை நிறுத்தும் ஃபிலிபஸ்டர் என்று அரசியலமைப்பில் ஒன்று கிடையாது, அது செனட் தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதி. 1917இல்தான் விவாதத்தை முடிக்க ஒரு வழியே வந்தது, அப்போது மூன்றில் இரண்டு பங்கு, 1975இல் 60 ஆக்கினார்கள். நீதிபதி நியமனம், அமைச்சர் நியமனம் என்றால் வேண்டாம் என்று 2013இல் ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட் உடைத்தார், உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் வேண்டாம் என்று 2017இல் குடியரசுக் கட்சியின் மெக்கானல் உடைத்தார். வரிக் குறைப்பு மசோதா வேண்டுமென்றால் பட்ஜெட் சமரச வழி என்ற சந்து வழியே 51-50இல், துணை அதிபர் வான்ஸ் ஓட்டோடு, ஜூலையில் நிறைவேற்றிக்கொண்டார்கள். இத்தனைக்கும் விலக்கு உண்டு, ஆனால் வருஷாவருஷம் கட்டாயம் செய்தே ஆக வேண்டிய செலவு மசோதாவுக்கு மட்டும் 60 வேண்டுமாம்! டிரம்ப் அக்டோபர் கடைசியில் அதைத் தூக்குங்கள் என்றார், செனட் மெஜாரிட்டித் தலைவர் தூன் மறுத்துவிட்டார். எனக்கு டிரம்ப் சொல்கிற பலதும் ஒத்துவராது, இதில் அவர் சொன்னது சரி.

பொட்டல்காடு:

கணக்குப்பிள்ளை, 2013 பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, கெடுத் தேதி விஷயமும். ஃபிலிபஸ்டர் பற்றி மட்டும் ஒரு கேள்வி. நாளைக்கே 60 போய் 51 வந்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் அந்த 51 பேர் ஒதுக்குகிற பணத்தை ஒரு ஆள் 'செலவு செய்ய மாட்டேன்' என்று பிடித்துவைக்க முடியும் என்றால் 51 ஆனாலும் 60 ஆனாலும் என்ன வித்தியாசம்?

இது புதிய நோய் இல்லை. அதிபர் நிக்சன் இதைத்தான் செய்தார். தண்ணீர்ச் சுத்திகரிப்புக்குக் காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை, தன் வீட்டோ தோற்ற பிறகும், கொடுக்காமல் நிறுத்தினார். நியூயார்க் நகரம் வழக்குப் போட்டு 1975இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. அதற்குள் 1974இலேயே காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டது. பணம் வேண்டாம் என்றால் அதிபர் எங்களிடம் கேட்க வேண்டும், 45 நாள் அமர்வுக்குள் நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் செலவு செய்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். நிதியாண்டு கடைசி 45 நாளுக்குள் கேட்டால் என்ன ஆகும் என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுதவில்லை. அந்தச் சின்ன ஓட்டையில்தான் ஆகஸ்டில் 4.9 பில்லியன் போனது. காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் இது சட்டவிரோதம் என்றது. வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத்தில் இருக்கும் ரஸ்ஸல் வோட் அந்த 1974 சட்டமே அரசியலமைப்புக்கு விரோதம் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறவர். செப்டம்பர் 26 அன்று, ஷட்டவுனுக்கு ஐந்து நாள் முன்னால், உச்ச நீதிமன்றம் சுமார் 4 பில்லியனைப் பிடித்துவைக்க இடைக்காலமாக அனுமதித்தது. உதவி நிறுவனங்களுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடும் உரிமை இருப்பதாகத் தெரியவில்லை என்கிற மாதிரி காரணம். இறுதித் தீர்ப்பு இல்லைதான். ஆனால் பேச்சுவார்த்தைக்கு உட்காருகிறவன் இறுதித் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க மாட்டானே.

மெரிலாந்து மச்சான்:

சட்டம் எல்லாம் நீங்கள் பேசுங்கள், நான் வீட்டுக் கதை சொல்கிறேன்.

என் மனைவி ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கான்ட்ராக்டர். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் நேரடி அரசு ஊழியர். இரண்டு பேரும் ஒரே டேட்டாபேஸைத்தான் பார்க்கிறார்கள். அக்டோபர் 1 அன்று இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஷட்டவுன் முடிந்ததும் அவருக்கு விட்டுப்போன சம்பளம் மொத்தமும் வரும், 2019 சட்டம் அப்படி. இவளுக்கு ஒரு காசும் கிடையாது, கான்ட்ராக்டருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கம்பெனி முதலில் சேர்த்து வைத்த லீவை எடுக்கச் சொன்னது. பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்கென்று வைத்திருந்த லீவு, அது தீர்ந்ததும் சம்பளமில்லா விடுப்பு. மாதச் சம்பள ஸ்லிப்பில் பிடித்தம் மட்டும் மைனஸில் வந்தது, மருத்துவக் காப்பீட்டுக்கான எங்கள் பங்கை நாங்களே செக் போட்டு அனுப்பினோம்.

செய்தியில் 14 லட்சம் ஊழியர் சம்பளம் இல்லாமல் இருந்தார்கள் என்பார்கள். அந்தக் கணக்கில் கான்ட்ராக்டர்கள் இல்லை. துப்புரவு செய்கிறவர், கேன்டீனில் நிற்கிறவர், செக்யூரிட்டி எல்லாம் பெரும்பாலும் கான்ட்ராக்ட்தான். எங்களுக்காவது ஐ.டி. சம்பளம், இன்னொரு சம்பளமும் வீட்டில் இருக்கிறது.

அந்த நேரடி ஊழியர் பாடும் நிம்மதியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அக்டோபர் ஆரம்பத்தில், விட்டுப்போன சம்பளம் தானாகக் கிடைக்கும் என்று அர்த்தமில்லை என வெள்ளை மாளிகையில் ஒரு வரைவுக் குறிப்பு தயாராகியிருப்பதாகச் செய்தி வந்தது. அடுத்து அக்டோபர் 10 அன்று பல துறைகளில் சுமார் நாலாயிரம் பேருக்கு வேலைநீக்க நோட்டீஸ். முந்தைய ஷட்டவுன்களில் லீவு விட்டார்களே தவிர வேலையை விட்டே எடுத்ததில்லை. ஒரு மத்திய நீதிபதி தடை போட்டார், கடைசியில் வந்த சட்டத்தில் அந்த நோட்டீஸ்களைத் திரும்பப் பெற வைத்தார்கள், ஜனவரி 30 வரை புதிதாக அனுப்பவும் தடை. எட்டுப் பேரை ரொம்பத் திட்டாதீர்கள், அவர்களில் டிம் கெய்ன் வர்ஜீனியாக்காரர், அவர் மாநிலத்தில் இப்படி எத்தனை வீடு இருக்கும் என்று யோசியுங்கள்.

தேன்மிட்டாய்:

மச்சான், லீவு கதை நெஞ்சைப் பிசைகிறது.

எங்கள் பக்கத்திலும் ஒன்று. எச்-1பி, கிரீன் கார்டுக்காரர்களுக்கு ஷட்டவுனில் ஒன்றும் ஆகாது, குடியேற்றத் துறை கட்டணத்தில் ஓடுகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். அது பாதி உண்மை. எச்-1பிக்கு முதலில் தொழிலாளர் துறையின் ஒப்புதல் வேண்டும், கிரீன் கார்டுக்கு அதே துறையின் பெர்ம் என்ற சான்று. அந்தத் துறை வரிப்பணத்தில் ஓடுவது. அக்டோபர் 1 அன்று இணையதளத்தையே அணைத்துவிட்டார்கள், மாதக் கடைசியில்தான் திறந்தார்கள். அந்த மாதத்தில் கம்பெனி மாற இருந்தவர்கள், வேலை போய் 60 நாள் கெடுவில் இருந்தவர்கள் எல்லாம் திரிசங்கு. என் அறைத்தோழிக்கு புதுக் கம்பெனி ஆஃபர் கையில், ஆனால் தாக்கல் செய்ய வழியில்லை. வழக்கறிஞருக்குப் போன் போட்டால் 'காத்திருங்கள்' என்பதற்கும் பில் வருகிறது.

ஓரமாநின்றவன்:

'காத்திருங்கள்' என்பதற்கும் பில்லா. சரியான தொழில்.

சட்டப்புள்ளி:

பொட்டல்காடு கேட்ட கேள்விக்கு ஷட்டவுனுக்குள்ளேயே பதில் இருக்கிறது. சட்டப்படி எல்லாத் துறைக்கும் பணம் நின்றது அல்லவா, ஆனால் நிஜத்தில் யாருக்கு நின்றது என்று பாருங்கள்.

அக்டோபர் 15 வந்தது. ராணுவத்துக்குச் சம்பள நாள். பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து சுமார் 8 பில்லியனை எடுத்துக் கொடுத்தார்கள். சிப்பாய்க்குச் சம்பளம் தருவதை யார் எதிர்ப்பார்கள், ஒருவரும் நீதிமன்றம் போகவில்லை. அடுத்து, பெயர் சொல்ல விரும்பாத நண்பர் ஒருவர் 130 மில்லியன் டாலர் ராணுவச் சம்பளத்துக்கு நன்கொடை தந்தார் என்று அதிபரே அறிவித்தார். சுமார் 13 லட்சம் பேர் பணியில் இருக்கிற ராணுவம், தலைக்கு 100 டாலர் வரும். தனியார் காசில் ராணுவத்துக்குச் சம்பளம்! கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கான சத்துணவுத் திட்டத்துக்குச் சுங்க வருமானத்திலிருந்து 300 மில்லியன் வந்தது.

அதே சமயம் சுமார் 4 கோடியே 20 லட்சம் பேருக்கு உணவு உதவி கொடுக்கும் ஸ்நாப் திட்டம் நவம்பர் 1இல் நின்றது. அதற்கென்று காங்கிரஸே ஒதுக்கி வைத்த அவசர நிதி சுமார் 5 பில்லியன் இருந்தது, அதைத் தொட மாட்டோம் என்றார்கள். ரோட் ஐலண்டிலும் மாசசூசெட்ஸிலும் இரண்டு நீதிபதிகள் தொடச் சொன்ன பிறகு பாதி தருகிறோம் என்றார்கள், முழுசாகக் கொடு என்று ரோட் ஐலண்ட் நீதிபதி உத்தரவிட்டதும் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். நவம்பர் 7 ராத்திரி அங்கே நீதிபதி ஜாக்சன் தற்காலிகத் தடை கொடுத்தார். அதற்குள் சில மாநிலங்கள் முழுத் தொகையையும் கார்டில் ஏற்றிவிட்டன, அதைத் திரும்பப் பிடியுங்கள் என்று விவசாயத் துறை கடிதம் எழுதியது. மளிகைக் கடையில் கார்டைத் தேய்க்கிறவருக்கு அன்று பணம் வருமா வராதா என்பது அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து இருந்தது.

நியூயார்க், நியூ ஜெர்சிக்கு நடுவே ஹட்சன் ஆற்றுக்கு அடியில் தோண்டும் ரயில் சுரங்கப்பாதை உள்ளிட்ட திட்டங்களுக்கான 18 பில்லியனை ஷட்டவுன் முதல் நாளே நிறுத்திவைப்பதாக வோட் அறிவித்தார். ஷூமரும், பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜெஃப்ரீஸும் நியூயார்க்காரர்கள், தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆக காங்கிரஸ் பணம் ஒதுக்காத 43 நாளில் யாருக்குப் பணம், யாருக்கு இல்லை என்பதை முடிவு செய்தது ஒரே ஒரு அலுவலகம். இதைவிட நேரான பதில் வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:

சட்டப்புள்ளி சொன்னதில் ராணுவச் சம்பள விஷயத்தில் எனக்கும் உடன்பாடு இல்லை, அது காங்கிரஸின் அதிகாரத்தைத் தட்டிப் பறித்த வேலைதான். ஆனால் தட்டிப் பறித்தார்களா, இவர்களே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்களா?

செலவு மசோதாக்கள் எல்லாம் நேரத்துக்கு நிறைவேறியது இந்த 1974 பட்ஜெட் முறை வந்த பிறகு நாலே நாலு தடவை. கடைசியாக 1997 நிதியாண்டுக்கு. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை! கமிட்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு துறையின் கணக்கையும் துருவுகிற வேலையை விட்டுவிட்டு, டிசம்பரில் ஆயிரக்கணக்கான பக்கத்துக்கு ஒரே மூட்டையாகக் கட்டி, யாரும் படிக்காமல் ஓட்டுப் போடுகிறார்கள். படிக்காமல் ஓட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஷட்டவுனை முடித்த சட்டமே சாட்சி. டிரம்ப் மீதான வழக்குகளை நடத்திய சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித்தின் விசாரணையில் சில செனட்டர்களின் போன் விவரங்களை எஃப்பிஐ வாங்கியிருந்தது தெரியவந்தது. தெரிவிக்காமல் அப்படி வாங்கினால் அந்த செனட்டர் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டு ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 5 லட்சம் டாலர் கேட்கலாம், பழைய சம்பவங்களுக்கும் பொருந்தும் என்று ஒரு பத்தியை உள்ளே செருகிவிட்டார்கள். செனட்டர்களுக்கு மட்டும், கீழ்ச்சபைக்காரர்களுக்கு இல்லை. சம்பளமில்லாமல் இருந்த ஊழியருக்குச் சாப்பாடு போடுகிற சட்டத்தில் தங்களுக்கு ஒரு லாட்டரிச் சீட்டு! கீழ்ச்சபையில் கோபம் வந்து அடுத்த வாரமே அதை ரத்து செய்ய 426-0 என்று ஓட்டுப் போட்டார்கள். இந்தக் காலத்தில் 426-0 என்று இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்த விஷயம் இதுதான் என்றால் பாருங்கள்.

சபாநாயகர் ஜான்சன் என்ன செய்தார்? செப்டம்பர் 19 முதல் நவம்பர் 12 வரை சபையைக் கூட்டவே இல்லை. அரிசோனாவில் செப்டம்பர் 23 இடைத்தேர்தலில் ஜெயித்த அடலிட்டா கிரிஹால்வா ஏழு வாரம் பதவிப்பிரமாணம் செய்யாமல் வெளியே நின்றார். பாலியல் குற்றவாளி எப்ஸ்டீன் பற்றிய கோப்புகளை வெளியிடும் மனுவுக்குத் தேவையான 218ஆவது கையெழுத்து அவருடையது என்பது ஊருக்கே தெரியும், அன்று சாயங்காலமே போட்டார். குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன் நான், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மத்தியானவெயில்:

அதிலும் காங்கிரஸ் உறுப்பினர் சம்பளம் மட்டும் ஷட்டவுனில் நிற்காது, அரசியலமைப்பே காப்பாற்றுகிறது. சிலர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள், அதைப் போட்டோ எடுத்து எக்ஸில் போடவும் மறக்கவில்லை.

1995 கூத்து யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? இஸ்ரேல் பிரதமர் ராபின் இறுதிச் சடங்குக்குப் போன அதிபர் விமானத்தில் கிளின்டன் தன்னிடம் பேசவில்லை, பின்வாசல் வழியாக இறங்கச் சொன்னார் என்ற கடுப்பும் ஒரு காரணம் என்று அப்போதைய சபாநாயகர் கிங்ரிச் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், நியூயார்க் பத்திரிகை ஒன்று அவரை அழுகிற குழந்தையாக வரைந்து அட்டையில் போட்டது. அப்போது மூடியது ஐந்து நாள், பிறகு 21 நாள். 2018-19இல் சுவருக்காக 35 நாள். இப்போது 43. நீளம் கூடிக்கொண்டே போகிறது, வெட்கம் குறைந்துகொண்டே போகிறது.

மட்டுறுத்துநர்:

எப்ஸ்டீன் பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே நிதி விஷயத்தோடு நிறுத்துங்கள். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

பொட்டல்காடு:

கணக்குப்பிள்ளையும் நானும் வேறு வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் நிற்கிறோம் போல. காங்கிரஸ் சோம்பேறித்தனத்தில் விட்டது, வெள்ளை மாளிகை எடுத்துக்கொண்டது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம். சோம்பேறித்தனம் என்றால் ஒருநாள் விழித்துக்கொள்ளலாம். இப்போது இருப்பது அதுமட்டும் இல்லை. குடியரசுக் கட்சி செனட்டர்கள் சிலருக்கே ஆகஸ்ட் கடிதம் பிடிக்கவில்லை, ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர் சூசன் காலின்ஸ் அது சட்டத்துக்கு விரோதம் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு சரி. அடுத்த தேர்தலில் கட்சிக்குள் எதிர்வேட்பாளர் முளைப்பார் என்ற பயம் இருக்கிறவரை, தன் சபையின் அதிகாரத்தைக் காப்பாற்றுவதைவிட தன் சீட்டைக் காப்பாற்றுவதுதான் ஒவ்வொருவருக்கும் பெரிது. ஒவ்வொரு கிளையும் தன் அதிகாரத்துக்குத் தானே பொறாமையாகக் காவல் நிற்கும் என்று நம்பித்தான் மாடிசன் காலத்தவர்கள் இந்த அமைப்பை எழுதினார்கள். கட்சி என்ற ஒன்று நடுவில் வந்து அந்தப் பொறாமையைத் தின்றுவிடும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

இந்த ஒப்பந்தத்திலும் 'ஒதுக்கிய பணத்தை ரத்து செய்ய மாட்டோம்' என்று ஒரு வரி வாங்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். வாங்கியது டிசம்பரில் மானியம் பற்றி ஒரு ஓட்டெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதி. ஓட்டெடுப்பு நடக்கும், நிறைவேறும் என்று யாரும் சொல்லவில்லை.

தேன்மிட்டாய்:

டிசம்பர் 11 முடிவு பார்த்தீர்களா? மானியத்தை மூன்று வருஷம் நீட்டிக்கும் மசோதா 51-48. மெஜாரிட்டி கிடைத்தது, 60 கிடைக்கவில்லை. குடியரசுக் கட்சியின் மாற்று மசோதாவும் தோல்வி. சுமார் 2 கோடியே 20 லட்சம் பேர் இந்த மானியத்தில் இருக்கிறார்கள், பலருக்குப் பிரீமியம் ஜனவரியிலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் போகிறது.

கணக்குப்பிள்ளை:

பாருங்கள், அந்த 60 இப்போது யார் தலையில் விழுந்தது என்று. நாலு குடியரசுக் கட்சிக்காரர்கள் அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டும் பிரயோஜனமில்லை. ஃபிலிபஸ்டரைக் காப்பாற்று என்று இதே மன்றத்தில் அக்டோபரில் கத்தியவர்கள் இப்போது பேசுங்கள்.

சட்டப்புள்ளி:

பேசுகிறேன். 60 போயிருந்தால் மானிய மசோதா ஓட்டெடுப்புக்கே வந்திருக்காது, எதை அவையில் வைப்பது என்பது மெஜாரிட்டித் தலைவர் கையில். ஷட்டவுனை முடிக்கக் கொடுத்த விலையாகத்தான் அந்த ஓட்டெடுப்பே நடந்தது. தோற்கப்போவது தெரிந்தே நடத்திய ஓட்டெடுப்பு, அது வேறு விஷயம்.

மற்ற துறைகளுக்கான தற்காலிகப் பணம் தீரும் ஜனவரி 30க்கு வருவோம். விவசாயம், ராணுவக் கட்டுமானத்தோடு முன்னாள் படைவீரர் நலம், காங்கிரஸின் சொந்தச் செலவு, இந்த மூன்று மசோதா மட்டும் முழு ஆண்டுக்கு முடிந்திருக்கிறது. அதனால் ஸ்நாப் அடுத்த செப்டம்பர் வரை தப்பித்தது. மீதி ஒன்பது இந்த 2025 டிசம்பரில் அப்படியே இருக்கிறது, தொழிலாளர் துறை உட்பட. தேன்மிட்டாய், உங்கள் தோழியிடம் ஜனவரி கடைசி வாரம் வரை இழுக்காமல் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

தேன்மிட்டாய்:

சொல்லிவிட்டேன் சார். டிசம்பர் 20க்குள் கொடுத்துவிடுகிறோம் என்று புதுக் கம்பெனியும் ஒப்புக்கொண்டது.

மெரிலாந்து மச்சான்:

இங்கே அலுவலகத்திலிருந்து கான்ட்ராக்டர்களுக்கு மெயில் வந்துவிட்டது, ஜனவரி 30ஐ மனதில் வைத்து லீவைத் திட்டமிடுங்கள் என்று. இருந்தால்தானே திட்டமிட. டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று, பொங்கலுக்கு ஊர் இல்லை.